உங்களுக்குத் தெரியுமா? கரிசல் மண்ணுக்கு அடியில் ஒரு கடல்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சிலருக்குத் தரைக்கு அடியில் ஓர் அறை எடுத்து, அதில் ஒரு சுவர் முழுக்கக் கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் வானம் தோண்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் பல உண்டு. கணக்குக்காக 10 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள தொட்டி ஒன்றை வைத்துக்கொள்வோம்.

● விருதுநகர் மாவட்டத்துக்கு இன்று கடற்கரை கிடையாது. ஆனால் 1985 வரை இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அப்போது பாம்பனும் மண்டபமும் நம் சொந்த மாவட்டத்து ஊர்கள்.

● சிவகாசிக்குப் பக்கத்தில் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சங்கைக் குறுக்காக வளையம் வளையமாக அறுத்துத்தான் அந்த வளையல்களைச் செய்தார்கள். ஒரு சங்கில் சில வளையங்கள்தான் தேறும். அப்படியென்றால் எவ்வளவு சங்கு இந்தக் கரிசலுக்கு வந்து இறங்கியிருக்கும்! அதே வைப்பாறு சாத்தூர் வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. சங்கு இங்கே வந்தது, ஆறு அங்கே போகிறது. கடலோடு நமக்கு உறவு புதிதல்ல.

● தொட்டிக்கு அடியில் இன்னொரு பெரிய நீர்த்தொட்டி வைக்கும் ஏற்பாடு 150 ஆண்டுகளுக்கு மேல் பழையது. லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்தை 1871இல் அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட், காட்சித் தொட்டிகளில் இருந்ததைப்போலப் பல மடங்கு கடல்நீரை நிலத்துக்கு அடியில் இருட்டான தேக்கத்தில் வைத்தார். நீராவி எஞ்சின் அந்த நீரை மேலே ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. இருட்டில் பாசி வளராது, நிலத்தடியில் நீர் சூடாகாது, நீர் கூடுதலாக இருந்தால் ஒரு மீன் செத்தாலும் மொத்தமும் கெடாது. கடல் இல்லாத ஊரில் கடல்நீரை வாழவைக்க அவர் கண்ட வழி இது. சென்னை மெரினாவில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் திறந்த மீன் காட்சியகத்துக்குக் கடல் எதிரிலேயே இருந்தது. சிவகாசிக்காரர் பின்பற்ற வேண்டியது லாயிட்டைத்தான்.

இன்று கடல்மீன் வளர்ப்பவர்கள் பெரிய தொட்டிக்குக் கீழே சம்ப் என்ற துணைத் தொட்டி வைப்பது இதே காரணத்துக்காகத்தான். நிலவறையில் அழகான காட்சித் தொட்டிக்கு ஒதுக்கும் இடத்தைப்போல இன்னொரு மடங்கு இடத்தைச் சம்ப்புக்கும் பம்ப்புக்கும் உப்புக் கரைக்கும் டிரம்முக்கும் ஒதுக்குங்கள். அந்த இடம் குறைந்த வீடுகளில் ஆசை சீக்கிரம் அலுத்துவிடும்.

● நம் கணக்குத் தொட்டி 120 கன அடி. அதில் சுமார் 3,400 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ, ஆக நீர் மட்டும் மூன்றரை டன். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் தனி. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. 3 அடி நீர் ஒரு சதுர மீட்டரில் 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். மாடியில் இதை வைக்க நினைக்கவே கூடாது. நிலவறை நல்ல யோசனை என்பதற்கு முதல் காரணம் இதுதான், எடை நேராக மண்ணுக்குப் போய்விடுகிறது.

● தொட்டியின் நீளத்தைக் கூட்டினால் கண்ணாடியின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடாது. உயரத்தைக் கூட்டினால்தான் கூடும். நம் தொட்டியின் முன்கண்ணாடியை நீர் தள்ளும் மொத்த விசை ஏறக்குறைய 1.3 டன் எடைக்குச் சமம். உயரத்தை மட்டும் இரட்டித்துப் பாருங்கள், அது நான்கு மடங்காகிவிடும். உயரமான தொட்டிதான் கம்பீரம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நீளமான தொட்டிதான் நல்லது. மீனும் நீளவாக்கில்தான் நீந்துகிறது.

இன்னொன்று: 10 அடிக் கண்ணாடி படிக்கட்டு வளைவில் இறங்காது. தளம் போடும் முன்பே இறக்கிவிட வேண்டும், அல்லது அதற்கென்று ஒரு வாசல் விட வேண்டும்.

● கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மான்ட்மாரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு நடுவே நீரை வாங்கி விரிவதுதான் காரணம். சித்திரை வெயிலில் நம் காடுகளில் கை நுழையும் அளவுக்கு விரியும் வெடிப்புகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐப்பசி மழையில் அதே மண் ஊதி, நிலவறைச் சுவரைப் பக்கவாட்டில் நெருக்கும். தரை ஒரு மூலையில் சில மில்லிமீட்டர் தூக்கினாலும் போதும், கண்ணாடி ஒட்டிய சிலிக்கான் இழுபடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே அடிப்பகுதி அகன்ற பைல் அஸ்திவாரத்தைப் பரவலாக்கியது. சுவருக்கு வெளியே தோண்டிய கரிசலையே திரும்ப நிரப்பாமல், ஊதாத கிராவலைப் போட்டு, மழைநீர் வடிய வழி வைப்பது வழக்கமான பொறியியல். மண் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர் தொட்டிக் கனவை விட்டுவிடலாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

● நிலவறை குளுகுளு என்று இருக்கும் என்பது நம் ஊரில் பாதிதான் உண்மை. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். லண்டன் மண் குளிர்ந்தது, லாயிட்டுக்கு உதவியது. விருதுநகரில் அது 28 டிகிரியை ஒட்டியது. மே மாதத்து 40 டிகிரியிலிருந்து நிலவறை காப்பாற்றும், ஆனால் 25 டிகிரிக்குக் கொண்டுபோகாது. பம்ப்பும் விளக்கும் வேறு சூட்டைச் சேர்க்கும்.

ஆகவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். சில்லர் நீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்காவது துப்பியாக வேண்டும். அதையும் நிலவறைக்குள்ளேயே வைத்தால், அறை கொதிக்கும், தொட்டியும் திரும்பச் சூடாகும். சில்லரை வெளியே வைத்துக் குழாய் இழுங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: 3,400 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். அதனால் பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடாகும், சின்னத் தொட்டியைப்போல ஒரே மதியத்தில் கைவிட்டுப் போகாது.

● வெடியுப்பு, கந்தகம், கரி. கருமருந்தின் இந்த மூன்று பொருட்களும் பட்டாசு செய்யும் சிவகாசியில் குழந்தைக்கும் தெரியும். கடல்மீன் தொட்டியிலும் இந்த மூன்றும் வந்து நிற்கின்றன.

முதலில் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். வேதித் தொழிற்சாலைகள் வருவதற்கு முன் அதை மண்ணிலிருந்துதான் எடுத்தார்கள். பீகாரில் மாட்டுச் சாணமும் சிறுநீரும் ஊறிய மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனது. அந்த மண்ணில் நைட்ரேட் எப்படி உண்டானது? நுண்ணுயிர்களால்தான் என்று 1877இல் பிரான்சின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் இருவரும் காட்டினார்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்குகிறது. மீன் தொட்டியின் பாறையிலும் மணலிலும் குடியேறுவது இந்த வேலையைச் செய்யும் அதே வகை நுண்ணுயிர்கள்தான். அம்மோனியா மீனைக் கொன்றுவிடும், நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இந்தக் கூட்டம் பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விடுகிறவர் மீனைச் சாகவிடுகிறார் என்றுதான் பொருள்.

அடுத்தது கந்தகம். சேர்ந்துபோன நைட்ரேட்டை வெளியேற்ற, கந்தக உருண்டைகள் நிரப்பிய மூடிய குழாயில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்ததும், கந்தகத்தை உண்டு வாழும் தயோபாசில்லஸ் இன நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது நைட்ரஜன் வாயு, குமிழாகப் போய்விடும். வெளிவரும் நீர் அமிலத்தன்மையோடு இருக்கும் என்பதால் அடுத்து ஒரு சுண்ணாம்புக்கல் குழாய் வைப்பது வழக்கம். கரியின் வேலை எளிது: மீன் கழிவால் மஞ்சளாகும் நீரை, பதப்படுத்திய கரித்துண்டுகள் தெளிய வைக்கும்.

பட்டாசு ஆலையின் மருந்து அறையிலிருந்து கந்தகப் பொடியை எடுத்து வந்து தொட்டியில் போட யாரும் நினைக்க வேண்டாம். தொட்டிக்கென்று தூய்மையாகச் செய்த உருண்டைகள் உண்டு. அதேபோல, பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டே வாங்க வேண்டும். பேரியம் இருந்த டிரம்மை, கழுவினாலும், உப்புக் கரைக்கப் பயன்படுத்தக் கூடாது.

● மத்தாப்பின் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் தரும் நிறம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியம் கரைந்திருக்கிறது. பவளம் தன் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தோடு அதையும் சேர்த்துக் கட்டுகிறது. கடல் சூடாக இருந்த ஆண்டில் குறைவாக, குளிர்ந்த ஆண்டில் கூடுதலாக. அந்த விகிதத்தை அளந்து, நூற்றாண்டுகளுக்கு முன் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று இன்று கணக்கிடுகிறார்கள்.

வெள்ளை ஒளிக்கு உதவும் மக்னீசியம் லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம். பச்சைக்கான பேரியம் கடலில் மிகமிகக் கொஞ்சம்தான். பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதை இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீலம் தரும் செம்புதான் தொட்டிக்காரர் அஞ்ச வேண்டிய உலோகம். மீனின் மேல் வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மிகாமல் செம்பு கொடுத்துக் குணப்படுத்துவார்கள். இறாலும் நத்தையும் அந்த அளவையே தாங்காது. ஆகவே மருந்து கொடுக்கத் தனித் தொட்டி வேண்டும். பெரிய தொட்டியின் பாதையில் பித்தளை வால்வோ செம்புக் குழாயோ ஒன்றுகூட இருக்கக் கூடாது.

● நேர்கோட்டில் பார்த்தால் சிவகாசிக்கும் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் உப்பள உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. பாத்தியில் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிகின்றன, அதன்பிறகுதான் சமையல் உப்பு பூக்கிறது. மக்னீசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். நல்ல உப்பு எடுப்பதே அந்த நீரை வெளியேற்றித்தான். எனவே உப்பு மூட்டையில் இருப்பது கடலின் ஒரு பகுதிதான். தொட்டிக்கு எல்லாத் தாதுக்களும் அளவாகச் சேர்ந்த கடல் உப்புக் கலவை வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் நம் தொட்டிக்கு முதல் முறையே 120 கிலோ.

கரைக்கும் நீரும் முக்கியம். நம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், உவர்ப்பு. ஆர்ஓ போட்டு, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வரும் நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

● தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் கடல்நீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் வற்றினால் நம் தொட்டியில் ஏறக்குறைய 18.5 லிட்டர். இந்த ஈரம் முழுவதும் நிலவறைக் காற்றில் சேரும். தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கு வறண்ட காற்றே ஒரு காரணம். அந்தக் காற்றை ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி வைத்து உள்ளே இழுத்துக்கொண்டால், ஈரமும் போகும், நீரும் கொஞ்சம் குளிரும். கடலோர ஊர்க்காரருக்கு இந்த வசதி இல்லை.

● பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 340 லிட்டர் வெளியே போகிறது. அதில் 12 கிலோ உப்பு. இரு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 300 கிலோவுக்கு மேல். இதைக் கொல்லையில் ஊற்றினால் கரிசல் மண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். பிறகு அங்கே முருங்கைகூட வராது, பக்கத்துக் கிணறும் கெடும். மழைதான் கழுவ வேண்டும் என்றால் நமக்கு ஆண்டு மழையே 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

நான் சொல்லும் வழி மொட்டை மாடியில் ஒரு சின்ன உப்புப் பாத்தி. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் தட்டில், சிவகாசிக் கோடை வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் 340 லிட்டரும் பெரும்பாலும் வற்றிவிடும். மிஞ்சும் உப்பை மூட்டை கட்டி அப்புறப்படுத்தலாம். சமையலுக்கு ஆகாது. மண்ணுக்குள் இறங்கிய உப்பை யாராலும் மூட்டை கட்ட முடியாது.

● மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை கரண்ட் போகும் நாளில் இரண்டு ஆபத்துகள். பம்ப் நின்றவுடன் மேல் தொட்டியின் நீர் வழிவாய் மட்டம்வரை கீழே இறங்கும். ஓர் அங்குலம் இறங்கினாலே 94 லிட்டர். சம்ப்பில் அதற்குக் காலியிடம் இல்லாவிட்டால் நிலவறைத் தரை குளமாகிவிடும். மேலேற்றும் குழாய் பின்னோக்கி உறிஞ்சாமல் இருக்க நீர்மட்டத்தை ஒட்டி அதில் சிறு துளை போட வேண்டும். இரண்டாவது ஆபத்து மூச்சு. ஒரே வெப்பத்தில் நல்ல தண்ணீரைவிடக் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்வெர்ட்டரில் வேறு எது ஓடாவிட்டாலும் காற்றுப் பம்ப் ஓட வேண்டும்.

● ஸ்கிம்மர் என்ற கருவி நுண்குமிழிகளில் மீன் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியே தள்ளும். கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. அது இழுப்பது அறைக் காற்றை. மூடிய நிலவறையில் கரியமில வாயு சேர்ந்தால் நீரின் பிஎச் 8.2இலிருந்து இறங்கத் தொடங்கும். வெளியிலிருந்து ஒரு குழாய் வழியே காற்று கொடுத்தால் சரியாகும். தீபாவளி இரவு மட்டும் அந்தக் குழாயை மூடிவிடுங்கள். கந்தகப் புகை நீருக்குள் போக வேண்டாம்.

● உப்புநீர் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு கசிந்தால், மறுநாள் அங்கே வெள்ளையாக ஒரு பொருக்கு. ஒரு வாரத்தில் அது குழாய் மேலேயே ஊர்ந்து அருகில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியைத் தொடும். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் விடாது. ராமேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரை பெயர்ந்து துருக்கம்பி தெரிவது இதனால்தான். சுவருக்கு எபாக்சி பூச்சு, நீர்மட்டத்துக்கு மேலே சுவிட்சுகள், 30 மில்லியாம்பியர் கசிவில் நின்றுவிடும் ஆர்சிசிபி. இந்த மூன்றிலும் சிக்கனம் கூடாது.

● 2022 டிசம்பர் 16 விடியும் முன், பெர்லினில் ஒரு ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் நீர் தெருவரை பாய்ந்தது. ஏறக்குறைய 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. பகலாக இருந்திருந்தால் மனித உயிர்களும் போயிருக்கும். நம் தொட்டி அதோடு ஒப்பிட மிகச் சிறியதுதான். ஆனால் நிலவறையில் நீர் ஓடிப்போக வழியே இல்லை. தரைச் சரிவும், ஒரு குழியும், தானாக ஓடும் பம்ப்பும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

● இனி மிக முக்கியமானது. உயிருள்ள பவளம், கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குச் சமமாகச் சேர்க்கப்பட்டன. பிடித்தால் சிறைத் தண்டனை உண்டு. யாரோ ரகசியமாகக் கொண்டுவந்து தரும் பவளப்பாறைத் துண்டும் அதில் அடக்கம்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. மிஞ்சிய பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் சூட்டில் வெளுத்தன. அந்தக் கடலிலிருந்து இனி ஒரு துண்டைக்கூடப் பெயர்த்தெடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்றே நான் நம்புகிறேன்.

தொட்டிக்கு மீன் வேண்டுமா? மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கின்றன. கல்லில் ஒட்டிய ஆரஞ்சு முட்டைக் கூட்டத்தை ஆண்மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும். ஒரு வாரத்தில் முட்டைக்குள் வெள்ளிப் புள்ளிகளாகக் கண்கள் தெரியும். விளக்கு அணைந்து இருட்டிய பிறகுதான் குஞ்சுகள் வெளிவரும். இப்படித் தொட்டியில் பிறந்த மீனையே வாங்குங்கள், எங்கே பிறந்தது என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள்.

வரைபடம் போடும் முன் ஒரு நாள் குடும்பத்தோடு அருப்புக்கோட்டை, மானாமதுரை வழியாக மண்டபம் போய் வாருங்கள். அங்கே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடல்மீன் காட்சியகம் பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது.